வளைந்த தூண்

“மேஸ்திரி, இந்தப் போட்டோவைப் பாருங்க. புது வீட்டு வாசல்ல மாப்பிள்ளை நிக்கிறார். பக்கத்துத் தூண் வில்லு மாதிரி வளைஞ்சிருக்கு!” மாமனார் செல்போனை நீட்டிக் கத்தினார்.

மேஸ்திரி தூணருகே தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார். “நூல் பிடிச்ச மாதிரி நேரா நிக்குதுங்க ஐயா.”

“அப்போ மாப்பிள்ளை அனுப்பின போட்டோ பொய்யா? இடிச்சுட்டு மறுபடி கட்டுங்க!”

மேஸ்திரி முணுமுணுத்தபடி கடப்பாரையை எடுத்தார்.

“ஐயோ, நிறுத்துங்க!” ஓடி வந்த மாப்பிள்ளை தூணைக் கட்டிக்கொண்டார். சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து விழுந்தது.

“மேஸ்திரி மேல தப்பில்ல மாமா. நான் கம்ப்யூட்டர்ல போட்டோ எடிட்டிங் கத்துக்கறேன். இன்னும் கத்துக்குட்டிதான்...”

“அதுக்கும் தூணுக்கும் என்ன சம்பந்தம்?”

மாப்பிள்ளை மூச்சை இழுத்துப் பிடித்தார்.

“தொப்பையை மட்டும்தான் உள்ளே தள்ளினேன். தூணும் கூடவே வந்துடுச்சு!”