சத்தம் மட்டும் வேண்டாம்

“தொண்டையை அறுத்துரு தம்பி. ஆனா உசிரு இருக்கணும்” என்றார் சண்முகவேல் அண்ணாச்சி.

சாலமன்ராஜுக்கு ஒரு கணம் கை கால் ஓடவில்லை. அவர் விரல் நீட்டிய பக்கம் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. வேப்பமரத்தடியில் ஒரு பழைய கார் நின்றது. நாலு டயரிலும் காற்று இல்லை. அடியில் புல் முளைத்துக் கிடந்தது.

“காரோட சைரனையா சொல்லுதீக அண்ணாச்சி?”

“பின்ன? சனியன் நேரங்காலம் இல்லாம கத்தித் தொலைக்குது. கத்துனதும் உள்ள இருக்கதுக அம்புட்டும் பதறியடிச்சு வெளிய ஓடிருது. திரும்பக் கூட்டி அடைக்கதுக்குள்ள பாதி நாள் போயிருது. சீசன் நேரம் வேற.”

“உள்ள என்ன அண்ணாச்சி வச்சிருக்கீக?”

“கோழி” என்றார் அவர், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

தாயில்பட்டியைத் தாண்டி, கருவேலங்காட்டுக்கு நடுவே தன்னந்தனியாக இருந்த இடம் அது. ஆளுயரச் சுவர், நடுவில் ஒரு கம்பிக் கதவு, அதற்கு அப்பால் தகரக் கூரைகள். கோழிப் பண்ணை என்றால் ரோட்டில் வரும்போதே மூக்கைப் பொத்த வேண்டும். இங்கே ஒரு நாற்றமும் இல்லை, ஒரு கொக்கரிப்பும் இல்லை.

இந்த வட்டாரத்தில் பிறந்து வளர்ந்த சாலமன்ராஜுக்கு, சுவருக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று யாரும் வந்து பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் கேட்டால் பதில் வந்துவிடும். பதில் வந்துவிட்டால் வேலையைச் செய்ய முடியாது. அதனால் அவன் கேட்கவில்லை.

அவனுக்கு வெடி என்றாலே ஆகாது. மனைவி வினோலியாவின் அக்கா ஒரு வெடி விபத்தில்தான் போனாள். அதற்குப் பிறகு, பட்டாசு வேலைப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன் என்று வினோலியாவைப் பைபிளில் கைவைத்துச் சொல்லச் சொன்னான். அவளும் சொன்னாள். இப்போது சிவகாசியில் ஓர் அச்சாபீஸில் காலண்டர் பேக்கிங்குக்குப் போகிறாள்.

இன்று காலையில்கூட ஒரு சின்னச் சண்டை. கல்யாண நாளுக்கு அவன் எடுத்துக் கொடுத்த பளபளப்பான நைலான் சேலை பீரோவிலேயே கிடந்தது. “காலண்டர் அடுக்கதுக்கு எதுக்கு தெனமும் நூல் சேலை? நான் எடுத்தது ஆகாதாக்கும்?” என்று அவன் முறுக்கிக்கொண்டான். “வேலைக்கு இதுதாங்க தோது” என்று அவள் சிரித்துக்கொண்டே கிளம்பிவிட்டாள். சாயங்காலம் மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு போய்ச் சமாதானம் பண்ண வேண்டும்.

அவன் பானட்டைத் திறந்தான். சைரன் நன்றாகத்தான் இருந்தது. அதிர்வைக் கண்டுபிடிக்கும் சென்சார்தான் ஆட்டம் கண்டிருந்தது. ரோட்டில் ஒரு லாரி போனாலும் ஊளையிடும்.

“அண்ணாச்சி, ஒரு ஸ்குரூவ முறுக்குனாப் போதும். இனிமே சும்மா கத்தாது. தேவைப்பட்டா மட்டும் கத்தும்.”

“தேவைப்பட்டாலும் கத்த வேண்டாம்.”

அவர் சொன்ன விதத்தில் சாலமன்ராஜின் கை அப்படியே நின்றது. அண்ணாச்சி அருகில் வந்து குரலைத் தணித்துக்கொண்டார்.

“இங்க பாரு. ரிமோட்ட அமுக்குனா லைட்டு மினுங்கணும். பாக்கிறவுகளுக்கு வேலை செய்யுதுன்னு தெரியணும். சத்தம் மட்டும் வரக் கூடாது. புரியுதா?”

“இந்தக் காட்டுக்குள்ள யாரு அண்ணாச்சி பாக்கப் போறாக?”

“கோழிதான்” என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு சாலமன்ராஜுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. சீக்கிரம் முடித்துவிட்டு இடத்தைக் காலிபண்ணினால் போதும் என்று இருந்தது.

சைரனுக்குப் போகும் வயரை மட்டும் வெட்டி, முனையில் டேப் சுற்றினான். அண்ணாச்சி ரிமோட்டை அமுக்கினார். லைட்டுகள் மின்னி மின்னி அணைந்தன; கார் வாய் திறக்கவில்லை. அண்ணாச்சி அவன் முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டு, ரிமோட்டோடு கம்பிக் கதவுக்குள் போய்விட்டார்.

சாத்தூரில் தன் கார் ரிப்பேர் கடைக்குத் திரும்பி வந்தும் அவனுக்கு மனசு ஒட்டவில்லை. டீ வாங்கி வைத்தது ஆறிப்போனது. நமக்கென்ன, சொன்ன வேலையைச் செய்தோம் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான்.

போன் அடித்தது. வினோலியா. வேலை நேரத்தில் அவள் கூப்பிடுகிறவளே இல்லை.

“ஏங்க, திட்டாதீக” என்றாள். மூச்சு வாங்கியது. “நான் அச்சாபீஸ்ல இல்ல. ஒங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். தாயில்பட்டிக்கு அங்கிட்டு, வெடி செய்யுத ஷெட்டுல இருக்கேன். நேத்து மிஞ்சுன மருந்து தன்னால பொகையுது.”

சாலமன்ராஜ் எழுந்த வேகத்தில் ஸ்டூல் உருண்டது. “ஓடிரு வினோ! போனை வச்சுட்டு ஓடு!”

“நான் வெளியதான் நிக்கேன். உள்ள ரூம் ரூமா ஆளுக இருக்காக, அவுகளுக்குத் தெரியாதுல்ல! ஆபத்துன்னா கூப்பிடத்தான் மொதலாளி மரத்தடியில ஒரு காரை நிப்பாட்டியிருக்காரு. ரிமோட்டு கதவுப் பக்கம் தொங்கும். சைரன் கேட்டா எல்லாரும் ஓடிரணும்.”

“வினோ…”

“நீங்க கார் வேலை பாக்குற ஆளுதான, சீக்கிரம் சொல்லுங்க: ரிமோட்ட அமுக்குதேன், லைட்டு மினுங்குது, சத்தந்தான் வர மாட்டேங்குது!”