சப்போர்ட் அம்மா

“பிரிண்டர் மறுபடியும் மக்கர் பண்ணுதும்மா. பேப்பரே வெளிய வர மாட்டேங்குது.”

அப்பா போனில் அளந்துகொண்டிருந்தார். அவர் முழங்கைக்குப் பக்கத்திலேயே பிரிண்டர் சமத்தாக ஒரு பில்லை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

கண்ணாடி பிரேம்களைத் துடைத்துக்கொண்டிருந்த மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. லென்ஸில் மயிரிழை கீறல் இருந்தால்கூட வாடிக்கையாளரைக் கூப்பிட்டுக் காட்டுகிற மனுஷன், இப்படிக் கூசாமல் பொய் சொல்கிறாரே!

அதுவும் போனில். பெற்ற மகள் கூப்பிட்டால்கூட ‘சொல்லு, சரி, வை’ என்று முடித்துக்கொள்கிறவர். கடையின் பழைய பில் சாஃப்ட்வேருக்கு உதவி சொல்கிற இந்த சப்போர்ட் அம்மாவிடம் மட்டும் வாராவாரம் அரட்டை. அம்மா இறந்து முழுசாக ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

நினைக்கவே அவளுக்குக் கசந்தது. அவர் போனை வைத்ததும் பிடித்துக்கொண்டாள்.

“நல்லா ஓடுறத ஏம்ப்பா கெட்டுப்போச்சுன்னு சொல்றீங்க?”

“உனக்கு அதெல்லாம் புரியாது.”

“நல்லாவே புரியுது. இதுக்குத்தான் புது சாஃப்ட்வேர் வேணாம்னு பிடிவாதமா? இனிமே சப்போர்ட் கிடையாதுன்னு அந்தக் கம்பெனி போன வருஷமே சொல்லியாச்சு. வருஷா வருஷம் அவங்க ஒரு நம்பர் குடுத்தாதான் இது திறக்கும். அடுத்த தடவை குடுக்கலன்னா? இத்தனை பேரோட கண் பவரும் இதுக்குள்ள மாட்டிக்கும். அப்புறம் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.”

அப்பா திரையையே பார்த்தார். கறுப்புத் திரை, பச்சை எழுத்து.

பள்ளிக்கூடம் விட்டு வந்து அவள் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து தட்டிய அதே பச்சை எழுத்து. அம்மா பக்கத்தில் நின்று ஒவ்வொருவர் பவராக வாசிப்பாள், இவள் ஒற்றை விரலால் தேடித்தேடித் தட்டுவாள். எங்காவது சிக்கிக்கொண்டால் உடனே சப்போர்ட் அம்மாவுக்கு போன் போகும். முகம் தெரியாத அந்தக் குரல், “பயப்படாதே கண்ணு, எதுவும் அழியல” என்று சொல்லும். அப்புறம்தான் இவளுக்கு உயிர் வரும்.

எவ்வளவு நல்ல சாயங்காலங்கள் அவை! அதை நினைத்ததும் கோபம் இன்னும் ஏறியது.

“சரி, சொல்லிடறேன்.” அப்பா குரலைத் தாழ்த்தினார். “சப்போர்ட் கிடையாதுன்னாங்க. ஆனா எப்ப போன் பண்ணாலும் அந்தம்மா எடுக்கிறாங்க. அவங்க ஒருத்தர மட்டும் விட்டு வச்சிருக்காங்க போல. புகாரே வரலன்னா அவங்களையும் வீட்டுக்கு அனுப்பிடுவாங்க இல்ல? இத்தனை வருஷம் நம்ம கடையத் தாங்கினவங்க. அதான் வாரம் ஒண்ணு கண்டுபிடிச்சு சொல்றேன். மத்தபடி எனக்கென்ன போன்ல பேச ஆசையா? காது சுடுது!”

மகளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அப்பா லென்ஸ் எடுத்துவரக் கிளம்பியதும், அவளே அந்த நம்பருக்கு போன் போட்டாள். வேலை நிலவரத்தை அந்த அம்மாவிடமே கேட்டுவிடலாம் என்று.

“சப்போர்ட். சொல்லுங்க.” பின்னால் ஒரு குழந்தை வீரிட்டது. ஏதோ பாத்திரம் உருண்டது.

“கண்ணாடிக் கடையிலேர்ந்து, அவர் பொண்ணு பேசறேன்.”

“அட, நீயா கண்ணு? நல்லா இருக்கியா?”

“நல்லா இருக்கேன். அம்மா, நீங்க ஆபீஸ்லயா இருக்கீங்க?”



“அப்பா பக்கத்துல இருக்காரா?”

“இல்ல.”

“அப்ப சொல்றேன். கம்பெனியைப் போன வருஷமே மூடியாச்சு. இந்த போன் நம்பரை நான் வாங்கிக்கிட்டேன். வீட்ல பேரப்பிள்ளைங்களோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன்.”

“அப்ப பவர் எல்லாம்?”

“பயப்படாதே கண்ணு, எதுவும் அழியாது. மூடுற அன்னிக்கு முதலாளிகிட்ட சண்டை போட்டு, பூட்டையே கழட்டுற நம்பரா வாங்கி, வழக்கமான வருஷ நம்பர் மாதிரியே உங்கப்பாவுக்குக் குடுத்தேன். இனிமே அது யார்கிட்டயும் எதுவும் கேட்காது. புதுசுக்கு மாத்தணும்னாலும் அத்தனையும் எடுத்துக்கலாம். எப்படின்னு நானே சொல்லித் தர்றேன்.”

“இதை அப்பாகிட்டயே சொல்லியிருக்கலாமே? வாராவாரம் எதுக்கு போனை எடுத்துப் பேசறீங்க?”

“எப்படிம்மா சொல்றது? உங்கம்மா போன பிறகுதான் இப்படி ஆரம்பிச்சார். அந்த பிரிண்டருக்கு ஒரு நோவும் இல்ல. அது அடிக்கிற சத்தம் எனக்கு இங்க கேக்குது! பாவம், பேச ஆளில்லாம தவிக்கிறார்னு நானும் கண்டுக்கல. இல்லன்னா இந்தக் களேபரத்துல எனக்கென்ன நேரம் கொட்டியா கிடக்கு?”

அப்பா திரும்பி வந்தபோது மகள் பச்சை எழுத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

“புது சாஃப்ட்வேர்காரன் எப்ப வர்றான்?” என்று மெல்லக் கேட்டார்.

“வரட்டும்ப்பா. அது ஒரு பக்கம் ஓடட்டும். இதுவும் இப்படியே இருக்கட்டும்.”

அப்பா முகம் மலர்ந்தது. உடனே கவலையில் சுருங்கவும் செய்தது.

“கீபோர்டு சொல்லியாச்சு. பிரிண்டரையே ரெண்டு தடவை சொல்லியாச்சு. அடுத்த வாரம் அந்தம்மாகிட்ட எதைச் சொல்றது?”

மகள் திரையைப் பார்த்தாள்.

“எழுத்து மங்கலாத் தெரியுதுன்னு சொல்லுங்கப்பா.”

அதில் பொய் எதுவும் இல்லை. அவளுக்கு அப்போது அப்படித்தான் தெரிந்தது.