தூணில் தொங்கும் படம்

சேலம் கடைவீதியில், குடியானவர்களிடம் நிலவரி தண்டிய பழைய மிட்டா கச்சேரிக்குச் சித்திரசாலை என்று புதுப்பெயர் சூட்டி இன்று திறக்கிறார்கள். காலை வெயில் கண்ணாடி ஓட்டின் வழியே இறங்கி, நடுக்கூடத்துக் கல்தூணில் தொங்கும் மிட்டாதாரின் படத்தில் விழுகிறது. நரைத்த மீசையைக் கன்னங்கரேலென்று தீட்டியிருக்கிறார்கள். கல்லில் ஆணி இறங்காததால், குடியானவர்களைக் கட்டிவைத்து அடித்த பழைய இரும்பு வளையத்திலேயே படத்தை மாட்டிவிட்டார்கள். மடைத் தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பிய குற்றத்துக்காக மணியன் அந்த வளையத்தில்தான் கட்டுண்டு செத்தான். அவன் பெண்டாட்டி குப்பாயி இப்போது இங்கே கூட்டிப் பெருக்குகிறாள்.

வாசலில் நாயனம் முழங்க, மிட்டாதார் மனைவியோடு உள்ளே வருகிறார். படத்தைப் பார்த்ததும் நின்றுவிடுகிறார். சட்டத்தில் சாமந்தி மாலை தொங்குகிறது. படத்தின் நெற்றியில் சந்தனப் பொட்டு இன்னும் காயவில்லை. கீழே அகல் எரிகிறது, ஊதுபத்திப் புகை நெளிகிறது. செத்தவர் படத்துக்குச் செய்கிற அத்தனையும் உயிரோடு நிற்கிறவருக்குச் செய்திருக்கிறது.

"ஆரு செஞ்ச வேல இது?"

"நானுங்க சாமி," என்கிறாள் குப்பாயி. கையிலிருக்கும் விளக்குமாற்றை அவள் கீழே போடவில்லை. "எம்பட ஊட்டுக்காரருக்கு இன்னைக்குத் தெவசமுங்க. அவருக்குப் படமில்லீங்க. இந்தத் தூணுதானுங்க இருக்குது."

வாசலில் நாயனம் விடாமல் ஒலிக்கிறது. மிட்டாதார் மனைவியின் கை தானாக எழுந்து தாலியை இறுகப் பற்றுகிறது. குப்பாயி அந்தக் கையையே பார்க்கிறாள். ஆறு வருஷத்துக்கு முன்னால், இதே தூணடியில், அவளும் அப்படித்தான் பற்றிக்கொண்டு நின்றாள்.