ரப்பர் மிருகம்

வீட்டில் மூன்று பேர்: மலேசியாவின் பத்து பகாட் ஊரில் கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கும் பிரெட்ரிக், அவன் மனைவி செசிலியா, தொலைக்காட்சியில் ஆற்றிலிருந்து எழுகிற கறுப்பு வெள்ளைச் செவுள் மிருகம். மிருகம் வெறும் ரப்பர் வேஷம் என்கிறான் பிரெட்ரிக்; அந்த ரப்பர் தோலில் ஒட்டுப் போட்ட இடத்தைக் காட்டாவிட்டால், வாய்க்காலோரம் காயும் சீருடையை அவனே போய் எடுத்துவர வேண்டும் என்பது பந்தயம். அந்தி சாய்கிறது. அன்றாடம் ரப்பரோடு மாரடிக்கிறவன் திரையில் மூக்கு உரசத் தேடுகிறான். மிருகத்தின் மேல் நீர் வழிகிறது; செவுள் விரிந்து மூடுகிறது. ஒட்டுத் தேடப் போன அவன் கண், மிருகம் மூச்சு விடுவதையே பார்த்துக்கொண்டிருக்கிறது. “அலமாக், எவன் செஞ்சானோ, ஒரு பிசிறு இல்லலா,” என்று வியக்கிறான். படம் முடிகிறது. “நீயும் கூட வாயேன்,” என்கிறான் பந்தயத்தில் தோற்றவன். “வெறும் ரப்பர்னு சொன்னது யாருங்க? போங்க, கம்பெனி வேன் வந்துரும்,” என்கிறாள் செசிலியா. அவன் டார்ச்சோடு படியிறங்குகிறான். வாய்க்காலில் ஏதோ தொபுக்கென்று விழ, சட்டென்று வீட்டுப் பக்கம் திரும்புகிறான். அதற்குள் அவள் கதவைச் சாத்திப் பூட்டிவிடுகிறாள்.