பின்சீட்டில் தொமாசா

"பாத்தியாடி, கிளம்பிட்டா மகாராணி!"

சோள ரொட்டிக் கடை வரிசையில் நின்ற எல்வீரா, பக்கத்துப் பெண்ணை முழங்கையால் இடித்தாள்.

நபோரின் மோட்டார் சைக்கிள் புகையைக் கக்கிக்கொண்டு தெருவைக் கடந்தது. பின்சீட்டில் எல்வீராவின் அண்ணி தொமாசா. பூப்போட்ட சட்டை, காதில் தோடு, தலைக்குப் பொருந்தாத ஹெல்மெட்.

"எங்க போறாங்கக்கா?"

"மதியச் சாப்பாட்டுக்கு! ஞாயித்துக்கிழமைன்னா ஒரு ஊரு. போன வாரம் லாஸ் பிலாஸ், இந்த வாரம் எல் சாலித்ரே. பெத்த புள்ள செஞ்சோ காணாமப் போயி ஒரு மழைக்காலமே முடிஞ்சிருச்சு. தாய்க்காரி கோயில்ல மண்டி போட்டு அழ வேண்டாமா? புள்ளையோட கூட்டாளி முதுகைப் புடிச்சிக்கிட்டு ஊர் ஊரா விருந்து!"

வரிசை மொத்தமும் "ச்சீ" என்றது. அப்படிச் சொல்வதிலும் ஒரு ருசி இருக்கத்தானே செய்கிறது.

எல் சாலித்ரே சந்தைக்குப் பக்கத்துக் கொட்டகையில் மெனூடோ கொதித்துக்கொண்டிருந்தது. மாட்டுக் குடலும் சிவப்பு மிளகாயும் மணத்தன.

தொமாசா உட்காரவில்லை. சட்டைக்குள்ளிருந்து போட்டோவை எடுத்து நீட்டினாள்.

"இந்தப் பையன் இங்க சாப்பிட வந்தானா தாயி? என் மகன். எந்த ஊர்ல இருந்தாலும் ஞாயித்துக்கிழமை மெனூடோ இல்லாம அவனுக்குப் பொழுது போகாது. எலுமிச்சம்பழம் கூட ரெண்டு கேப்பான்."

கடைக்காரி கரண்டியை வைத்துவிட்டுப் பார்த்தாள். வாசலையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். காணாமல் போனவர்களைப் பற்றிச் சத்தமாகப் பேசுவதே எங்கள் பக்கம் ஆபத்து.

"வரலம்மா. மாதா உங்களுக்குத் துணை இருக்கட்டும்."

கிண்ணங்கள் வந்தன.

"சாப்பிடுங்கம்மா," என்றான் நபோர். "கிண்ணம் காலியானாத்தான் வண்டி ஸ்டார்ட் ஆகும்."

"ஏன், உன் வண்டி என் வயித்துலயா ஓடுது? நீ மொதல்ல அள்ளிப் போடு. எலும்பும் தோலுமா உன்னை அனுப்பி வச்சா உன் பொண்டாட்டி என்னைத்தான் வைவா."

இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்கள்.

சாயங்காலம் அவளை வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிய நபோரை, எல்வீரா தெருமுனையில் மறித்தாள்.

"ஏண்டா, உனக்கு வெக்கமா இல்ல? வீட்ல புள்ளத்தாச்சிப் பொண்டாட்டிய விட்டுட்டு எத்தனை ஊர்டா சுத்துவே? எங்க செஞ்சோ என்ன, மெனூடோ பானைக்குள்ளயா ஒளிஞ்சிருக்கான்?"

நபோர் எஞ்சினை அணைத்தான். கைப்பிடியை விடவில்லை.

"செஞ்சோ இல்லக்கா."

"என்னடா சொல்றே?"

"அன்னிக்கு ரோட்டுல துப்பாக்கியோட மறிச்சாங்க. அவனை மட்டும் இறக்கினாங்க. என்னைத் திரும்பிப் பாக்காமப் போடான்னாங்க. போனேன். பின்னால வெடிச் சத்தம் கேட்டுச்சு. அப்பவும் நான் திரும்பலக்கா. வாயைத் திறந்தா என் வீட்டையும் கொளுத்துறதாச் சொல்லி அனுப்பியிருக்காங்க."

எல்வீரா அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள். செஞ்சோவை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்.

"அடப்பாவி! இதை மறைச்சு வச்சுக்கிட்டா, தேடுறேன் தேடுறேன்னு அவளை இழுத்துக்கிட்டுத் திரியறே?"

"வாரம் பூரா அவங்க கொறிக்கறதோட சரிக்கா. தேடிப் போற அன்னிக்குத்தான் ஒரு வாய் நல்லாச் சாப்பிடறாங்க. அந்தக் கிண்ணத்தையும் நான் எப்படிப் பிடுங்குவேன்?"

எல்வீரா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். இதைச் சொல்லாமல் விட முடியுமா? செத்தவனுக்கு ஒன்பது நாள் ஜெபம் வேண்டாமா, ஒரு சிலுவை வேண்டாமா? நேரே அண்ணி வீட்டுக்கு நடந்தாள்.

தொமாசா கண்ணாடி முன்னால் தோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, இப்படி உக்காருங்க. நம்ம செஞ்சோ..."

"செத்துட்டான்," என்றாள் தொமாசா. "மொத ஞாயிறு தேடிப் போனப்பவே தெரிஞ்சு போச்சு."

"நபோர் சொல்லிட்டானா?" என்றாள் எல்வீரா.

"அன்னிக்குப் போட்டோவைக் காட்டினப்ப, கடைக்காரி என்ன சொல்லுவாளோன்னு எனக்கு உசிரு போய் உசிரு வந்துச்சு. நபோர் ஒருதரம்கூட அவ மூஞ்சியப் பாக்கல. பதில் தெரிஞ்சவன் எதுக்குப் பாக்கணும்?"

"தெரிஞ்சுமா அண்ணி பூப்போட்ட சட்டை? கறுப்பு போடல, ஜெபம் வைக்கல..."

"கறுப்பு போட்டா எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு அவன் கண்டுபிடிச்சிருவான். அப்புறம் எதைச் சொல்லி என்னைக் கூட்டிட்டுப் போவான்?"

"போகாட்டி என்ன கெட்டுப் போச்சு?"

தொமாசா தோட்டை டப்பாவில் போட்டு மூடினாள்.

"ரெண்டாவது ஞாயிறு நான் வரலைன்னுட்டேன். அவன் தனியாக் கிளம்பிப் போனான். மலை வளைவுல பள்ளத்து விளிம்புல கிடந்தவனை லாரிக்காரங்கதான் தூக்கிட்டு வந்து போட்டாங்க. ரோட்டுல பிரேக் போட்ட தடமே இல்லையாம்."

டப்பாவை அலமாரிக்குள் வைத்தாள். அப்புறம் சொன்னாள்:

"நான் பின்னால உக்காந்திருந்தாத்தான் எல்வீரா, அவன் வளைவுல பிரேக் போடறான்."