தலையணை உறை

காசநோய்க்குக் குளிசை குடிக்கத் தொடங்கியதும் முத்தலிப்பின் கண்ணீர்கூடச் செம்மஞ்சளாக வந்தது. "பயப்பிடாதேங்கோ அண்ணை, உது குளிசையின்ரை நிறம்," என்றாள் சுகாதார ஊழியை சுபாஜினி. ஊரடங்கிலும் அவள் தினமும் வந்து, படலைக்கு வெளியே நின்று, அவர் விழுங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் போவாள். அவர் மனைவி றஷீதா கறைபட்ட வெள்ளைத் தலையணை உறையைத் தோய்த்துக்கொண்டிருப்பாள்.

பிறகு அவருக்குக் கொரோனா வந்தது. சிகிச்சைக்குக் கொண்டுபோன இடத்திலேயே இறந்துபோனார். அரசாங்க உத்தரவென்று, அடக்கம் செய்ய விடாமல் எரித்துவிட்டார்கள்.

வீட்டில் கொடுத்துவைத்திருந்த மிச்சக் குளிசைகளைத் திரும்ப எடுக்கச் சுபாஜினி போன காலையில், கொடியில் அதே உறை ஈரமாகத் தொங்கியது. நடுவில் செம்மஞ்சள் கறை.

"பழைய கறையோ அக்கா?"

"இல்லைப் பிள்ளை. நான் ஒவ்வொரு நாளும் தோய்க்கிறன். விடியப் பார்த்தால் திரும்பவும் நனைஞ்சு கிடக்குது."

"நீங்கள் அழுதிருப்பியள்."

"என்ரை கண்ணீருக்கு நிறமில்லையே."

சுபாஜினி குளிசைப் பெட்டியைக் கையில் எடுத்தாள்.

"குளிசையைக் கொண்டு போகாதேங்கோ," என்றாள் றஷீதா. "அவருக்கு இன்னும் ரெண்டு மாசம் கிடக்கு."

சுபாஜினி அன்றைய குளிசையை எடுத்துப் படலைத் தூணில் வைத்தாள். பிறகு, விழுங்குவதைப் பார்த்துவிட்டுப் போக, வழக்கமான இடத்தில் நின்றாள்.