ஒரு கிழட்டுக் குதிரை வேண்டும்

"இதுக்குப் பதினெட்டு வயசு" என்று றிஸ்கான் சொல்லி முடிக்கவில்லை, நப்லா குதிரையின் கீழுதட்டை இழுத்து வாயைத் திறந்துவிட்டாள்.

பற்கள் நேராக நின்றன. நடுவில் கறுப்புக் குழிகள் இன்னும் முழுதாகத் தேயவில்லை.

"ஏழு," என்றாள். "கூடினா எட்டு."

அவன் சிரித்தான். "ராத்தாட வாப்பா மாட்டு யாவாரியோ?"

"ஓம். எல்லா யாவாரியும் வயசக் குறைச்சித்தான் சொல்லுவான். கூட்டிச் சொன்ன மொத ஆள் நீங்கதான்."

கிழட்டுக் குதிரைதான் வேண்டும் என்று போனில் மூன்று தடவை சொல்லியிருந்தாள். ஏறப்போவது பத்து வயதுப் பிள்ளை. குதிரையில் ஒரு நாளும் இருந்து பார்த்ததில்லை. புலமைப்பரிசில் பரீட்சை பாஸானால் கேட்டதை வாங்கித் தருவேன் என்று நப்லாவின் புருசன் வாய் விட்டிருந்தார். சைக்கிள் கேட்கும் என்று நினைத்தார். பிள்ளை குதிரை கேட்டது.

கப்பல்துறையிலிருந்த இந்தக் குதிரைக் கொட்டகைக்கு அவர் வரவில்லை. வந்தால் றிஸ்கான் மேல் கை நீண்டுவிடும் என்று நப்லாதான் அவரைக் கிண்ணியாவிலேயே நிறுத்திவிட்டு வந்தாள்.

சீனக்குடாப் பக்கமிருந்து விமானம் ஒன்று தாழ எழும்பிக் கொட்டகைத் தகரத்தை உதறிக்கொண்டு போனது. குதிரை முன்னங்கால் இரண்டையும் தூக்கிவிட்டது. கயிற்றோடு றிஸ்கானும் நாலு அடி இழுபட்டான்.

"இதில சின்னப் புள்ள இருந்திருந்தா?"

"விழும். விழுந்துதானே ராத்தா பழகணும். நாங்க விழல்லயா?"

"தூக்கிவிட நீங்க வருவீங்களோ?"

"நான் என்னத்துக்கு? புள்ளட வாப்பா தூக்குவார்தானே."

நப்லாவுக்குக் காது இரண்டும் சுட்டன. ராத்தா, ராத்தா என்று அவன் வாய்க்கு வாய் அக்கா முறை வைத்துக் கூப்பிடுகிறான். பதிலுக்கு ஒரு முறை சொல்லிக் கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை.

கொட்டகையின் பின்பக்கம் வேப்பமரத்தடியில் வெள்ளைக் குதிரை ஒன்று கண்ணை மூடியபடி நின்றது. விமானம் போனதே அதற்குத் தெரியாது போல.

அவள் நேரே அங்கே போனாள். பற்களைப் பார்த்தாள். நீண்டு, முன்னுக்குச் சாய்ந்து, குழியெல்லாம் தேய்ந்து மழமழவென்று இருந்தன. கிடந்த தகரத் துண்டு ஒன்றை எடுத்து மரத்தில் ஓங்கி அடித்தாள்.

குதிரை ஒரு காதை மட்டும் திருப்பியது.

"இதுதான்," என்றாள்.

"சீனியா? அது விக்கிறதுக்கில்ல."

அவனுடைய குரலே மாறிப்போயிருந்தது. இருபத்திரண்டு வயசு என்றான். டிசம்பர் பதினாலு, விடியச் சுபஹு தொழுகை நேரம், கொட்டுற மழையில் பிறந்தது, தன் மடியில்தான் விழுந்தது என்றான். தவிட்டை வெந்நீரில் குழைத்துக் கொடுத்தால்தான் தின்னும். பனிக்காலத்தில் இடது முழங்கால் வீங்கும். அதன் கழுத்தைத் தடவித் தடவிச் சொன்னான்.

நப்லா அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வேற இடத்தில விட்டா ஏங்கிப் போகும் ராத்தா. என்னைக் காணாட்டித் தண்ணியும் குடிக்காது."

"ஏங்கிப் போகுமோ?"

"வாயில்லாச் சீவன்தானே."

"வாயுள்ள சீவன வெருளுற குதிரையில ஏத்தி அனுப்பப் பார்த்தீங்க. அது விழுந்து முறிஞ்சா முறியட்டும். குதிரை மட்டும் ஏங்கக் கூடாது. நல்லாயிருக்கு உங்கட இரக்கம்!"

"சத்தம் போடாதீங்க, அதுகள் வெருளும்."

"வெருளட்டும்! நாளைக்கு ஜும்ஆத் தொழுகை முடிஞ்சு வாற சனம் முழுக்கக் கேக்கிற மாதிரிச் சொல்லுவன். ஏழு வயசுக் குதிரையைப் பதினெட்டு எண்டு சொல்லிப் பச்சப் புள்ளைக்கு விக்கப் பார்த்த ஆள் எண்டு. உங்கட பேரச் சொல்லித்தான் சொல்லுவன்."

றிஸ்கான் வீதிப் பக்கம் திரும்பிப் பார்த்தான். மூக்கைத் தேய்த்தான். பிறகு சீனியின் கயிற்றை அவிழ்த்தான்.

"மூணு மாசம். புள்ள பழகின கையோட திருப்பிக் கொண்டு வந்திரணும்."

"பார்ப்பம்."

"இன்னொரு விசயம். ஏறப்போற ஆள்ட பேர இதுட காதில சொல்லித்தான் நான் ஏத்துறனான். அப்பிடிப் பேர் சொல்லி விட்ட ஒரு ஆளையும் இது கீழ போட்டதில்ல. சிரிக்காதீங்க, உண்மை."

நப்லா சிரிக்கவில்லை.

அவன் குதிரையின் வலது காதைக் கையில் ஏந்தி வாயை அருகில் கொண்டுபோனான். "சொல்லுங்க ராத்தா. புள்ளட பேர் என்ன?"

"புள்ளட வாப்பா வச்ச பேர்தான்," என்றாள் நப்லா. "பொறந்த அண்டைக்குக் காதில பாங்கு சொல்லி நீங்க வச்ச பேர். அதுக்குப் பிறகு நீங்க எட்டியும் பார்க்காத புள்ள, இப்ப எங்கட வீட்டில வளருது."

அவன் நிமிரவில்லை. கையிலிருந்த காது மட்டும் ஒருமுறை துடித்தது.

"சொல்லுங்க," என்றாள். "குதிரைக்கிட்டயாவது சொல்லுங்க."